பொறுக்குதல்

சொல் சேகரிக்க வந்த பெண்
பூம்பாறையில் இறங்கியபோது மணி பதினொன்று.
பனி பள்ளத்தைவிட்டு இன்னும் எழவில்லை.
போனைப் பாறைமேல் வைத்து, சிவப்புப் புள்ளியைத் தொட்டு,
"அடுத்தவர் வாழ்வதைப் பார்த்து மனசு காய்ந்தால்
இங்கே என்ன சொல்வீர்கள், அக்கா?" என்றாள்.

பொறாமை என்றேன்.
அது எங்கள் ஊரிலும் இருக்கிறதே என்று சிரித்தாள்.
வேறு?
வேறு ஒன்றும் வரவில்லை.
வரப்புக்கு அந்தப் பக்கம்
என் ஓரகத்தி செவந்தி களை எடுத்துக்கொண்டிருந்தாள்.
எப்படி வரும்?

கவுஞ்சி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்ததும்
ஒவ்வொன்றாய் வந்தன,
இலை எடுத்தபின் வரும் விருந்தாளிகள்போல.

புகைச்சல்.
அடுப்புக்கு மேலே பரணில் தொங்குகிறதே விதைப்பூண்டு,
மாசக்கணக்கில் புகையிலேயே கிடக்கும், கெடாது.
நானும் கெடவில்லை.
பாகம் பிரித்த அன்று
தண்ணீர் வருகிற பக்கம் அவளுக்கு,
பன்றி வருகிற பக்கம் எனக்கு.
பதினாலு வருஷம்.

கறுவுதல்.
"உங்க அக்கா கறுவிக்கிட்டே இருக்கா" என்று
யாரோ அவளிடம் சொல்லி, அது டீக்கடை சுற்றி
என்னிடமே வந்து சேர்ந்தது.
பரண் மூங்கிலைத் தொட்டால் விரலில் ஒட்டுமே,
அந்தக் கறுப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

வயிற்றெரிச்சல் மற்றவர்களுக்கு வருவது.
என் வயிறு எரிந்தால் அதன் பெயர் நியாயம்.

அழுக்காறு என்று புத்தகத்தில் உண்டு.
அந்த ஆறு இந்த மலையில் ஓடவில்லை.

மனத்தாங்கல் என்றார்கள் சமரசம் பேச வந்தவர்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற சொல்.
"உங்களுக்குள்ள சின்ன மனத்தாங்கல், அவ்வளவுதானே?"
காப்பி குடித்தார்கள், போனார்கள்.
தாங்கல் என்றால் தாங்குவதுதானே,
பொறாமை என்றால் பொறுக்க முடியாதது.
ராத்திரி இரண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு
நான் தாங்குகிறவளா தாங்காதவளா என்று
கூரைத் தகரத்தைக் கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது.

எட்டாவதுவரை படித்ததில் மிச்சம் ஒன்று:
பொறை என்றால் சுமை.
அப்படியானால் யாருடைய சுமை?
என் கடன், என் கணவனின் இருமல்,
பன்றி உழுதுபோட்ட மூன்றாவது அடுக்கு,
எல்லாம் சுமக்கிறேன்.
அவள் மூட்டை அவள் குதிரையின் முதுகில்
வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது.
கிலோ முந்நூற்று அறுபதாம்.
கழுத்து வலி எனக்கு.

வெள்ளிக்கிழமை
கல்லுப் படிக்கட்டில் மட்டக்குதிரைக்குக் கால் வழுக்கி
மூட்டை கிழிந்தது.
பூண்டு அடுக்கடுக்காய்த் துள்ளி
என் வயலுக்குள் உருண்டு வந்தது.
செவந்தி நின்றாள். நானும் நின்றேன்.
குதிரை முட்டியை நக்கிக்கொண்டு
பொறுமையாக இருந்தது.
ஐயோ என்றது என் வாய்.
அதற்கு ஒரு நொடி முன்னால், உள்ளே,
சர்க்கரைத் துண்டுபோல ஒன்று கரைந்து இறங்கியது.
அதற்கு என்ன பெயர் என்று
அந்தப் பெண் கேட்டிருக்கலாம்.
எனக்குத் தெரியாது.

பிறகு குனிந்தேன்.
பொறுக்கினேன்.
ஈர மண்ணிலிருந்தும் பீன்ஸ் கொடிக்கு அடியிலிருந்தும்
முந்தானை நிறைய.
பொறுக்காதவள்தான் பொறுக்கினேன்.
அதே சொல்தான்,
இடுப்பை வளைத்தால் வேறு அர்த்தம்.

சாக்கில் கொட்டும்போது
"போதும்க்கா" என்றாள் செவந்தி, என்னைப் பார்க்காமல்.
சாக்கின் வாயை இரண்டுபேரும் பிடித்திருந்தோம்.
அவள் நகத்திலும் மண்.

ஒன்றே ஒன்றை மடியில் வைத்துக்கொண்டேன்.
திருட்டு என்று சொல்ல முடியாது.
பரணில் என் கொத்துக்கு நடுவே கட்டியிருக்கிறேன்.
தினமும் அடுப்பு மூட்டும்போது அண்ணாந்து பார்க்கிறேன்.
இன்னும் கறுக்கவில்லை.
பல் கொஞ்சம் பெருசுதான்.